கூப்பிட்டால் வைத்துவிட்டு எழக்கூடிய வேலை

மரவேலையைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களிடம் "உங்களுக்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். அட்டவணை போடுங்கள். வார இறுதியில் நான்கு மணி நேரம் உங்களுக்கென்று வீட்டில் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், கதவைச் சாத்துங்கள், போனை அணையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அறிவுரை எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது. வேலைக்கும் போய், குழந்தையையும் பார்த்து, பாத்திரம் கழுவி, துணி மடித்து வைக்கிற ஒருவரின் நாளைக் கடிகாரமா துண்டு போடுகிறது? கூப்பிடுகிற குரல்தான் துண்டு போடுகிறது. குழந்தை விழுந்து அழும், வாசலில் மணி அடிக்கும், வாஷிங் மெஷின் ஓடி முடித்துக் கத்தும், அலுவலகத்திலிருந்து 'ஒரு நிமிஷம்' என்று போன் வரும். நான்கு மணி நேரம் என்று பேசி வாங்கியது நான்கு மணி நேரமாகக் கைக்கு வந்து சேர்வது அபூர்வம். அப்படியே வந்தாலும், அந்த நேரத்து வீட்டு வேலை முழுவதும் இன்னொருவர் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வேலைகளை வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் பாதி அவிழ்ந்துவிடும். 'இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்' என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, 'நடுவில் யாராவது கூப்பிட்டால் இதை இப்படியே வைத்துவிட்டு எழுந்து போகலாமா' என்று ஒவ்வொரு வேலையையும் கேட்டுப் பாருங்கள். கைக்கருவி மரவேலையில் பெரும்பகுதிக்குப் பதில் 'தாராளமாகப் போகலாம்' என்பதுதான். போக முடியாதவை சிலவே: பசை போட்டுப் பூட்டுவது, ஒரு பரப்புக்கு வார்னிஷ் இழுப்பது, சுற்றும் ரம்பத்தில் பலகையைத் தள்ளுவது, ரௌட்டர் (பள்ளம் வெட்டும் மின்கருவி) ஓட்டுவது. வீட்டில் அனுமதி கேட்டு நேரம் வாங்க வேண்டியது இவற்றுக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் கிடைக்கிற இருபது நிமிடத்தில் நடக்கும்.

எங்கே நிறுத்துவது

கைரம்பத்தால் கழுந்து (இன்னொரு மரத்தின் துளைக்குள் நுழையப்போகிற முனை) அறுத்துக்கொண்டிருக்கிறீர்கள், ரம்பம் பாதி ஆழத்தில் நிற்கிறது. கூப்பிட்டால் எழுந்து போங்கள், ஒன்றும் கெடாது. திரும்பி வந்து அதே தடத்தில் ரம்பத்தை வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். உளியால் துளை தோண்டுவதும் அப்படித்தான். 30 மி.மீ. ஆழத்துக்குப் போக வேண்டிய துளை 12 மி.மீ. ஆழத்தில் ஒரு வாரம் நின்றாலும் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நடுவில் விட்டால் கெட்டுப்போவது, யாரும் சந்தேகப்படாத இடமான கோடு போடும் வேலைதான். மார்க்கிங் கேஜை (மரத்தின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் கோடு கீறும் கருவி) ஒரு அளவுக்கு வைத்து, மேசையின் இரண்டு காலில் கோடு இழுத்துவிட்டு எழுந்து போகிறீர்கள். நடுவில் வேறு எதற்கோ கேஜ் தேவைப்படுகிறது, அளவை மாற்றிவிடுகிறீர்கள். பிறகு அதே எண்ணுக்குத் திருப்பி வைத்தாலும் அதே இடத்துக்கு வராது. கால் மி.மீ. தள்ளினால்கூடப் பூட்டும்போது சட்டமும் காலும் சமமாக நிற்காமல் படி தட்டும். அதனால் ஒரு அளவு வைத்தால், அந்த அளவு வேண்டிய எல்லாத் துண்டிலும் கோடு இழுத்த பிறகே நிறுத்துவது. நான்கு கால், எட்டு முகம் என்றாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. துண்டு துண்டாக நேரம் கிடைக்கிறவர்களுக்கு, புது உளியைவிட இன்னும் இரண்டு கேஜ் பெரிய உதவி. ஒன்று துளைக்கு, ஒன்று விளிம்புக்கு என்று பூட்டி, எந்த அளவு என்று ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டி, சாமான் முடிகிற வரை தொடாமல் வைத்துவிடலாம்.

நீளங்களுக்கு டேப்பை நம்புவதும் இதே ஆபத்துதான். பத்து நாள் இடைவெளியில் எடுக்கும் இரண்டு அளவுகள் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. டேப் முனையின் கொக்கி ஆடும், இலக்கங்களை இடம் மாற்றிப் படிப்போம், 468 என்பது 486 ஆகும். மெல்லிய சட்டம் ஒன்றை எடுத்து, தட்டுகள் எங்கே வரும், துளைகள் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று நிஜ அளவிலேயே கத்தியால் கீறி வைத்துக்கொண்டால் எண்ணே தேவையில்லை. சட்டத்தைப் பலகைமேல் வைத்துக் குறிகளை இறக்குவதோடு சரி. ஒரு மாதம் கழித்து வந்தாலும் அந்தச் சட்டம் அதையேதான் சொல்லும்.

திரும்பி வரும்போது நம்மைக் கவிழ்ப்பது இன்னொன்றும் உண்டு: எந்தத் துண்டு எது, எந்த முகம் வெளியே என்பது மறந்துபோவது. நான்கு கால்களையும் அவை நிற்கப்போகிற இடத்தில் நிற்பதுபோலவே சேர்த்துப் பிடித்து, தலையில் பென்சிலால் ஒரு பெரிய முக்கோணம் போட்டுவிடுங்கள். பிரித்தால் ஒவ்வொன்றிலும் முக்கோணத்தின் ஒரு பகுதி இருக்கும், சேர்த்தால் மட்டுமே முழுசாகும். எப்போது வந்தாலும் குழப்பம் வராது. வெட்டி எறியப்போகிற பக்கத்தில் பெருக்கல் குறி போடாமல் எழுந்து போகவே போகாதீர்கள். ரம்பத்தின் தடம் ஏறக்குறைய ஒரு மி.மீ. அகலம். கோட்டின் தவறான பக்கத்தில் அறுத்தால் அந்த ஒரு மி.மீ. இணைப்பைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். அடுத்து செய்ய வேண்டியதை நோட்டில் எழுதுவதைவிட மரத்தின் மேலேயே எழுதலாம். 'இந்த முனை இன்னும் 2 மி.மீ. இழைக்கணும்' என்று பலகையே சொல்லட்டும். எப்படியும் கடைசியில் இழைப்புளி அதைத் துடைத்துவிடப்போகிறது.

பசை போடும் கால்மணி

உண்மையில் யாரையும் அண்ட விடாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். வழக்கமான வெள்ளை அல்லது மஞ்சள் மரப்பசைகளில் (பிவிஏ என்பார்கள்) பலவற்றுக்கு, பூசியதிலிருந்து பூட்டி முடிக்கக் கிடைக்கும் அவகாசம் சுமார் ஐந்து நிமிடம். வெயிலும் காற்றும் அதிகமாக இருந்தால் இன்னும் குறையும். டப்பாவில் போட்டிருக்கும் 30 நிமிடத்தை அவகாசம் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது கிளாம்பில், அதாவது இறுக்கிப் பிடிக்கும் பிடியில், வைத்திருக்க வேண்டிய நேரம்.

ஒரு டிராயர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். நான்கு மூலை, மூலைக்கு நான்கு டவ்டெயில் (எதிர்ப் பலகையின் பள்ளத்தில் இறங்கும், புறா வால்போல் விரிந்த பல்). ஒவ்வொரு வாலுக்கும் இரண்டு பக்கம் என்றால் பசை தடவ வேண்டிய முகம் முப்பத்திரண்டு. ஒன்றுக்கு ஐந்து விநாடி என்று வைத்தாலே இரண்டரை நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. மிச்ச நேரத்தில் நான்கு மூலையையும் தட்டி இறக்கி, கிளாம்ப் போட்டு, பெட்டி கோணாமல் நிற்கிறதா என்று இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருப்பதைச் சரிபார்க்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு போன் வந்தால் நடப்பது என்ன? பிவிஏ பசையில் தண்ணீர் இருக்கிறது. அது பட்டதும் மரம் லேசாக ஊதும். காய்ந்த நிலையில் சுகமாக உள்ளே போன இறுக்கமான டவ்டெயில், பாதி இறங்கிய நிலையில் பிடித்துக்கொள்ளும். கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) அடித்தாலும் இறங்காது, இழுத்தாலும் வராது, விடாப்பிடியாக அடித்தால் பலகை பிளக்கும். 3 மி.மீ. இடைவெளியோடு நிற்கிற அந்த மூலை, மொத்த உழைப்பையும் வீணாக்க அது ஒன்றே போதும்.

ஆனால் கவனியுங்கள்: 'பசை போடுற நாள்' என்று நாம் பயந்து ஒதுக்கும் அரைநாளில், விட்டு எழ முடியாத பகுதி பதினைந்து நிமிடம்தான். மிச்சமெல்லாம் ஒத்திகை. பசையில்லாமல் முழுக்கப் பூட்டிப் பார்ப்பது, கிளாம்ப் எங்கே எந்தத் திசையில் என்று தீர்மானிப்பது, தாடைகளைத் தேவையானதைவிட 5 மி.மீ. மட்டும் அகலமாகத் திறந்து வைப்பது, கிளாம்புக்கும் மரத்துக்கும் நடுவே வைக்கும் கட்டைகளில் பேக்கிங் டேப் ஒட்டி அவை ஒட்டிக்கொள்ளாமல் செய்வது, மூலைவிட்டம் பார்க்க இரண்டு குச்சி தயார் செய்வது, பிரஷ், ஈரத்துணி, கொட்டாப்புளி மூன்றையும் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது. இவற்றில் எதையும் நடுவில் விட்டு எழலாம். முந்தின நாள் இரவே செய்து வைக்கலாம். பிறகு வீட்டில் கேட்க வேண்டியது அரைநாளும் இல்லை, இரண்டு மணி நேரமும் இல்லை. "அடுத்த இருபது நிமிஷம் மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க, குழந்தையைப் பார்த்துக்கோங்க" என்பது யாரும் சந்தோஷமாகவே ஒப்புக்கொள்கிற வேண்டுகோள். நான்கு மணி நேரம் கேட்டுக் கிடைக்கிற முணுமுணுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதையும் சுருக்கலாம். மேசை ஒன்றை ஒரே மூச்சில் எட்டு இணைப்போடு பூட்ட வேண்டும் என்று யார் சொன்னது? இன்று இரண்டு காலும் அவற்றுக்கு நடுவிலான சட்டமும், நாளை அதேபோல் இன்னொரு ஜோடி, நாளை மறுநாள் இரண்டையும் இணைக்கும் நீளச் சட்டங்கள். மெதுவாக இறுகும் எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து போடும் பசை) இன்னும் அதிக அவகாசம் கொடுக்கும். ஆனால் கலக்க, துடைக்க ஆகும் நேரமும் சேர்ந்துகொள்ளும் என்பதால் அதை நான் சிக்கலான இணைப்புகளுக்கு மட்டுமே சொல்வேன்.

பிதுங்கிவரும் பசையை உடனே ஈரத்துணியால் துடைப்பது பலரின் வழக்கம். அப்படித் துடைத்தால் நீர்த்த பசை மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி, வார்னிஷ் அடித்த பிறகு வெளிறிய திட்டாகத் தெரியும். பெட்டியின் உள்மூலை போல உளி போகாத இடங்களுக்குத்தான் ஈரத்துணி. மற்ற இடங்களில் அரைமணியிலிருந்து முக்கால் மணி வரை விட்டால் பசை ரப்பர் பதத்துக்கு வரும். அப்போது உளியின் தட்டையான முதுகைப் பலகையோடு ஒட்டி நகர்த்தினால் நூலாகச் சுருண்டு வந்துவிடும். பாத்திரம் கழுவி முடிக்க அந்த இடைவெளி கச்சிதம். அடுத்த நாள் வரை விட்டால் கல்லாகி, உடைக்கும்போது மரத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஒரு நாள் முழுசாகப் போகும்வரை இணைப்பின்மேல் பாரம் ஏற்ற வேண்டாம். இரவு படுக்கும்முன் பூட்டிவிட்டால் இந்தக் காத்திருப்பில் ஒரு பகுதி தூக்கத்திலேயே கழிந்துவிடும். நீட்டிக்கொண்டிருக்கிற கிளாம்ப் கம்பிகள் மட்டும் நடைபாதையில் முழங்கால் உயரத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரம் சும்மா இருப்பதில்லை

தொழில்முறைத் தச்சருக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. அவர் காலையில் இழைத்த பலகையில் மாலைக்குள் இணைப்பு வெட்டிவிடுவார். நாம் இந்த ஞாயிறு இழைத்து, அடுத்த ஞாயிறு கோடு போட்டு, அதற்கடுத்த வாரம் வெட்டுவோம். அதற்குள் பலகை காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கி வளைந்திருக்கும். ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது, வளையங்களுக்குக் குறுக்கான திசையில் சுருங்குவதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. அதனால்தான் அகலப் பலகை தட்டையாகவே இருக்காமல் கிண்ணம்போல் குழிகிறது. நேராக இருந்தபோது போட்ட கோட்டில் வளைந்த பிறகு வெட்டினால் டவ்டெயில் எப்படிப் பொருந்தும்?

இழைப்பதை இரண்டு தவணையாகப் பிரிப்பதுதான் இதற்கு வழி. முதல் தவணையில் வேண்டிய கனத்தைவிட 3 மி.மீ. கூடுதலாக நிறுத்திவிடுங்கள். ஒரு வாரமோ இரண்டு வாரமோ மரம் தன் போக்கில் வளையட்டும். எப்படியும் நமக்கு அந்த இடைவெளி விழத்தான் போகிறது. கடைசி 3 மி.மீ.யை எடுப்பது, அடுத்த ஓரிரு நாளில் இணைப்பு வெட்ட முடியும் என்று உறுதியானால் மட்டும். அதுவரை பலகையைப் பெஞ்ச்மேல் தட்டையாகப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மேல்முகத்தில் காற்று படும், கீழ்முகத்தில் படாது, ஒரே இரவில் வளைந்துவிடும். ஒரே கனமுள்ள குச்சிகளை நடுநடுவே கொடுத்து அடுக்கி, மேலே பாரம் வையுங்கள். இறுதி அளவுக்கு இழைத்த பிறகு வேலை தடைபட்டால் பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி வைப்பது நல்லது.

சத்தமும் தூளும்

இரவு ஒன்பது மணிக்கு மேல் எதைச் செய்யலாம் என்பது இன்னொரு வடிகட்டி. இழைப்பது, உளியால் கையழுத்தத்தில் செதுக்குவது, கோடு போடுவது, கல்லில் உளி தீட்டுவது எல்லாம் அடுத்த அறையில் தூங்குகிறவரை எழுப்பாது. கொட்டாப்புளி எழுப்பும். காதில் விழுவதைவிடத் தரை வழியாகப் போகும் அதிர்வுதான் அதில் மோசம், கீழ்வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். பெஞ்ச் காலடியில் கெட்டியான ரப்பர் துண்டு வைத்தால் கொஞ்சம் அடங்கும். துளையின் பெரும்பகுதியைக் கைத்துரப்பணத்தால் (கையால் சுற்றும் துளைக்கருவி) எடுத்துவிட்டு ஓரங்களை உளியால் தள்ளிச் சீர்செய்தால் கொட்டாப்புளியே தேவைப்படாது. ரௌட்டர், பிளேனர் (மின் இழைப்புக் கருவி) வேலைகளை மாதத்தில் ஒரு பகல் பொழுதுக்குச் சேர்த்து வைத்து முடிப்பது எல்லோருக்கும் நிம்மதி. காதுக்கும்தான். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அது பாதியாகும், 100 டெசிபலில் மிஞ்சுவது பதினைந்தே நிமிடம். அலுவலகத்தில் பிழியப்பட்டு வந்த இரவில் சுற்றும் ரம்பத்தைத் தொடாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தூள் விஷயத்தில் நான் கறார். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். வீட்டுக்குள் உப்புத்தாள் தேய்ப்பதை முடிந்தவரை ஒழிக்க வேண்டும். நன்றாகத் தீட்டிய இழைப்புளியும், அதன்பின் தகட்டுச் சுரண்டியும் போட்டால் வருவது தூள் இல்லை, சீவல். பெருக்கி அள்ளிவிடலாம். கடைசியாக ஒரு கை உப்புத்தாள் போட்டே தீர வேண்டுமென்றால் வெளியே, முகமூடியோடு. அந்தச் சட்டையைக் கழற்றாமல் குழந்தையைத் தூக்காதீர்கள்.

இருபது நிமிடத்தைத் தின்பது

இருபது நிமிடத்தில் பத்து நிமிடம் கருவி தேடுவதிலும் மழுங்கிய உளியோடு மல்லுக்கட்டுவதிலும் போனால் அந்த அமர்வுக்கு அர்த்தமில்லை. எனவே தீட்டுவதைத் தொடக்கத்தில் வைக்காமல் முடிவில் வையுங்கள். 25 பாகையில் தீட்டிய உளியின் நுனியில் மட்டும் 30 பாகையில் மெல்லிய இரண்டாம் சரிவு கொடுத்திருந்தால், ஒவ்வொரு முறையும் தேய்க்க வேண்டியது மயிரிழை அகலம்தான். 1000 எண் தீட்டுக்கல்லில் பிசிறு எழும்வரை, 6000 எண் கல்லில் அந்தச் சரிவு பளபளக்கும்வரை, பிறகு தோலில் சில இழுப்பு. நான்கைந்து நிமிடம். அடுத்தமுறை வந்து நின்றதும் முதல் அசைவே மரத்தில் விழும். நடப்பு வேலைக்கான கருவிகளை மட்டும் ஒரு தட்டில் வைத்துக்கொள்வதும் இதற்குத்தான். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தட்டு உயரத்தில் இருக்கட்டும், மின்கருவிகளின் பிளக் பிடுங்கப்பட்டிருக்கட்டும்.

வீட்டுக்குப் பயன்படுகிற சாமானாகச் செய்தால் குடும்பம் ஒத்துழைக்கும் என்று ஒரு யோசனையும் சுற்றுகிறது. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். ஆடுகிற நாற்காலிக்குப் பசை போடுவது, சிக்கிக்கொள்ளும் டிராயரின் ஓரத்தை இழைத்து மெழுகு தேய்ப்பது போன்றவற்றைத் தாராளமாகச் செய்யலாம், ஒரே மாலையில் முடியும். ஆனால் 'உனக்கொரு துணி அலமாரி செய்து தருகிறேன்' என்று ஆரம்பித்தால், பொழுதுபோக்கு அந்த நிமிடமே தவணை தப்பிய இன்னொரு வீட்டு வேலையாகிவிடும். அலமாரி முடியும்வரை துணிகள் நாற்காலியில் கிடக்கும், பாதி பூட்டிய சட்டங்கள் படுக்கையறை மூலையை அடைத்து நிற்கும். வீடு நமக்குக் கொடுக்கிற இடமும் ஒரு செலவு. பெஞ்சுக்கடியில் அடங்குகிற சாமான்களாகச் செய்கிறவருக்குச் சண்டை குறைவு. பெட்டி, முக்காலி, சுவர்த் தட்டு, படச்சட்டம் என்று அப்படிச் செய்ய எவ்வளவோ இருக்கிறது.

கெடு சொல்லும்போது

எப்போது முடியும் என்று கேட்டால், நம் மனம் அறுப்பதையும் பூட்டுவதையும் மட்டும் கணக்குப் போட்டு ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறது. பூட்டிய பிறகு இருக்கிறது இன்னொரு பாதி. எண்ணெய் வார்னிஷுக்கு டர்பன்டைன் சரிபாதி கலந்து, துணியால் மெல்லிசாகத் தேய்த்துவிடும் முறை துண்டு நேரக்காரருக்கு ஏற்றது. சிறு சாமானுக்கு ஒரு பூச்சுப் பத்து நிமிடம், அடுத்த பூச்சு மறுநாள் மாலை, நடுவே 320 உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல், மொத்தம் நான்கைந்து பூச்சு. அன்று மாலை வேறு எதையும் தேய்த்திருக்கக் கூடாது, மிதக்கிற தூளெல்லாம் ஈரப் பூச்சில்தான் வந்து உட்காரும். ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ தோய்ந்த துணியை, யார் கூப்பிட்டாலும் சுருட்டிப் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காயும்போது சூடு கிளப்பும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், சில மணி நேரத்தில் தானே தீப்பிடிக்கக்கூடும். வெளியே ஒற்றை மடிப்பாக விரித்து விறைக்கும்வரை காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் அமுக்குங்கள்.

கடைசிப் பூச்சு தொட்டால் ஒட்டவில்லை என்பதால் சாமான் தயார் என்று ஆகிவிடாது. எண்ணெய் பாலியூரித்தேன் வார்னிஷ் முழுக்க இறுக மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். அதற்குமுன் புத்தகங்களை அடுக்கினால் அட்டைகள் தட்டோடு ஒட்டி, எடுக்கும்போது தோல் உரிந்து வரும். தேதி சொல்வதானால் அந்த ஒரு மாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.